எல்லாமே இரவல்!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு வருஷமாவது குப்பை கொட்டியவர்களுக்கு இந்த ஆசாமியை நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம். அறைக்கு ஒருத்தன் இருப்பான். ஊரிலிருந்து வரும்போது கையில் ஒரே ஒரு பை. பைக்குள் ஒரு சர்டிபிகேட் ஃபைல். அவ்வளவுதான் ஆஸ்தி.

மறுநாள் காலையிலிருந்து உங்கள் சோப்பில் குளிப்பான். உங்கள் துண்டில் துவட்டுவான். உங்கள் சீப்பு, உங்கள் பவுடர், உங்கள் பெல்ட். "மச்சி, இன்னிக்கு ஒரு இன்டர்வியூடா... அந்த நீலக் கோடு போட்ட சட்டை..." என்று இழுப்பான். நீங்கள் பதில் சொல்வதற்குள் பட்டன் போட்டு முடித்திருப்பான்.

என் அறையில் இருந்தவனும் அந்த ரகம்தான். வருஷம் 2015. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக் கொண்டிருந்தேன். நல்ல பையன். இரவல் வாங்குவான் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

அந்தப் பிப்ரவரியில் அவனுக்கு ஜுரம் வந்தது. "சாதா ஜுரம்டா, ரெண்டு நாள்ல போயிடும்" என்றான். நானும் நம்பினேன். மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கினேன். போதாக்குறைக்கு என் டிராயரில் எப்போதோ மிச்சமாகிக் கிடந்த நாலு ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் எடுத்துக் கொடுத்தேன். பெரிய தன்வந்திரி என்று எனக்கு நினைப்பு.

மூன்றாம் நாள் ராத்திரி அவனால் மூச்சு விட முடியவில்லை. பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"எத்தனை நாளா ஜுரம்?" டியூட்டி டாக்டர் கேட்டார்.

"மூணு நாளா சார்."

ஜூலை 30-ம் தேதி சாயங்காலம் மஞ்சள் பையில் பில்களைக் கொட்டிக்கொண்டு வருகிற கட்சிக்காரரை எங்கள் ஆடிட்டர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

"ஸ்வைன் ஃப்ளூ மாதிரி இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சுடறோம். 48 மணி நேரத்துக்குள்ள கொடுத்திருந்தா நல்லாப் பிடிச்சிருக்கும். இப்ப லேட்டு. இருந்தாலும் கொடுக்கத்தான் வேணும்."

"வேற மருந்து எதுவும் இல்லையா சார்?"

"இதுதான் தம்பி இருக்கு."

அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் 42,000 பேருக்கு மேல் ஸ்வைன் ஃப்ளூ என்று உறுதியானது. கிட்டத்தட்ட 3,000 பேர் செத்துப் போனார்கள். ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. 'இதுதான் இருக்கு' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் மண்டைக்குள் சுற்றிக் கொண்டிருந்தன. மனுஷன் நிலாவுக்குப் போய்விட்டு வந்துவிட்டான். மூக்கொழுகுகிற ஒரு வியாதிக்கு ஒரே ஒரு மாத்திரையா?

உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் விடவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. இந்த இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் இருக்கிறதே, அதுவும் நம்ம மேன்ஷன் ஆசாமிதான்!

* * *

அதனிடம் இருக்கும் சொத்து எட்டே எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள். எட்டையும் சேர்த்தால் சுமார் 13,500 எழுத்துகள். நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நம் மரபணுப் புத்தகத்தில் 300 கோடி எழுத்துகள். மற்றபடி அதனிடம் சமையலறை இல்லை, மின்சாரம் இல்லை, சொந்தமாக ஒரு புரதம் செய்துகொள்ளக்கூட வழி இல்லை. பாலன்ஸ் ஷீட் போட்டால் பொறுப்புகள் பக்கம் முழுக்க நம் பெயர்தான் இருக்கும்.

அது எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று பாருங்கள்.

முதலில் கதவு. நம் தொண்டை, மூச்சுக்குழாய் செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்றொரு சர்க்கரை ஒட்டிக் கொண்டிருக்கிறது. வைரஸ் தன் முள்ளை நீட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த முள் சும்மா வேலை செய்யாது. யாராவது அதை ஓரிடத்தில் வெட்டி விடவேண்டும். வெட்டுகிற கத்தரிக்கோல் வைரஸிடம் இல்லை. நம் செல்லிடம் இருக்கிறது! டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்று பெயர். லாரி நம்பர் மாதிரி இருந்தாலும் அது ஒரு புரதம். நம் கத்தரிக்கோலை வாங்கி, நம் வீட்டைத் திறக்கிறது.

அடுத்து, நம் செல் அதை ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தைப் பம்ப் அடிக்கிறது. வந்தவனைக் கரைத்துவிட நல்ல ஏற்பாடுதான். ஆனால் வைரஸ் அந்த அமிலத்துக்காகவே காத்திருக்கிறது. அமிலம் பட்டதும் தன் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எட்டுத் துண்டுகளையும் வெளியே தள்ளுகிறது.

பிறகு நேராக செல்லின் உட்கருவுக்கு. தலைமை அலுவலகம் மாதிரி. அங்கே கண்டவர்கள் நுழைய முடியாது. அழைத்துப் போவதற்கென்றே இம்போர்ட்டின் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் தோளில் கை போட்டுக்கொண்டு வைரஸும் உள்ளே போய்விடுகிறது.

அங்கே நடப்பதுதான் அநியாயம். நம் ஜீன்களிலிருந்து புறப்படும் ஒவ்வொரு உத்தரவுக்கும் தலையில் ஒரு முத்திரை உண்டு. கெஜட்டட் ஆபீசர் அட்டஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இருந்தால்தான் புரதம் தயாரிக்கும் பட்டறையில் மதிப்பு. வைரஸ் என்ன செய்கிறது தெரியுமா? நம் உத்தரவின் தலைப்பகுதியைப் பத்துப் பதிமூன்று எழுத்துகளோடு கத்தரித்துத் தன் உத்தரவின் தலையில் ஒட்டிவிடுகிறது! பட்டறைக்காரனுக்கு முத்திரை அசல். பேப்பர் போலி. அவன் பாட்டுக்கு வைரஸ் புரதங்களைச் செய்து தள்ளுகிறான்.

போதாதென்று, தன்னை நகலெடுக்கும் மெஷினை ஓட்டுவதற்கும் நம் செல்லின் ஏ.என்.பி.32 என்ற புரதம் பக்கத்தில் நிற்கவேண்டும். 2016-ல் லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பறவைகளின் ஏ.என்.பி.32 நம்முடையதைவிடச் சற்று நீளம். அதில் பழகிய பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு நம்முடையது சரியாகப் பொருந்துவதில்லை. அது மனிதர்களிடம் சுலபமாகப் பரவாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோப்பு, சீப்பு, துண்டு, சட்டை... எல்லாமே இரவல்!

* * *

சரி, மருந்துக்கு வருவோம். இதுவரை வந்த மருந்துகள் பெரும்பாலும் வைரஸைக் குறி வைத்தவை.

அமான்டடின் 1966-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸின் ஒரு குழாயை அடைக்கும். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. 2005-06 குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஹெச்3என்2 வைரஸைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது இந்த மருந்துக்கு மசியவில்லை. 'இனி ஃப்ளூவுக்கு இதை எழுதாதீர்கள்' என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

1999-ல் ஓசெல்டமிவிர் வந்தது. என் நண்பனுக்குக் கொடுத்தது இதுதான். இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். இதுவும் ஒரு கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறது. 2008 ஜனவரியில் நார்வேயில், இந்த மருந்துக்குக் கட்டுப்படாத ஹெச்1என்1 பரவுவதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் அமெரிக்காவில் பரவிய ஹெச்1என்1 அனேகமாக முழுக்க அந்த ரகம். நல்லவேளையா, கெட்டவேளையா தெரியவில்லை... 2009-ல் புதிய ஸ்வைன் ஃப்ளூ வந்து பழையதை ஓரங்கட்டியது. புதியதிடம் மருந்து மறுபடி வேலை செய்தது.

2018-ல் பலாக்சவிர். முத்திரை திருடும் கத்தியையே மழுங்கடிக்கும் மருந்து. அருமையான யோசனை. ஆனால் மருந்தைச் சோதித்துக் கொண்டிருக்கும்போதே சில நோயாளிகளிடம் மருந்தை ஏய்க்கிற வைரஸ் தலைகாட்டியது.

ஏன் இப்படி? வைரஸின் நகலெடுக்கும் மெஷின் படுமோசமான டைப்பிஸ்ட். பிழைகளைத் திருத்தும் பழக்கமே கிடையாது. கோடிக்கணக்கில் நகல் எடுக்கும்போது ஏதோ ஒரு பிழை, மருந்திடமிருந்து தப்பிக்க வசதியாக அமைந்துவிடுகிறது. நம் ஆபீஸில் தப்பும் தவறுமாக டைப் அடித்தால் மெமோ. அங்கே பிரமோஷன்!

* * *

இங்கேதான் சில விஞ்ஞானிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். அறையில் இருக்கிறவனை எத்தனை நாள் துரத்திக் கொண்டிருப்பது? அவன்தான் தினம் ஒரு வேஷம் போடுகிறானே. அதற்குப் பதில் சோப்பையும் சீப்பையும் பூட்டி வைத்தால்?

நம் ஜீன்கள் வைரஸ் மாதிரி நாளுக்கு நாள் மாறுவதில்லை. அது நம்மிடம் வாங்குகிற சாமானை மறைத்துவிட்டால், ஒரு டைப்பிங் மிஸ்டேக்கில் அது தப்பித்துவிட முடியாது.

முதல் வேலை, எதையெல்லாம் இரவல் வாங்குகிறது என்று லிஸ்ட் எடுப்பது. மனித செல்லில் சுமார் 20,000 ஜீன்கள். ஒவ்வொன்றாக வாயை அடைத்துவிட்டு வைரஸை விட்டுப் பார்த்தார்கள். எதை அடைத்தால் வைரஸ் திணறுகிறதோ, அதை அது இரவல் வாங்குகிறது என்று அர்த்தம். 2010-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு குழுக்கள் லிஸ்ட் வெளியிட்டன. ஒன்றில் 295 ஜீன்கள். பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தின் லிஸ்ட்டில் 287. இரண்டிலும் பொதுவாக இருந்தவை கொஞ்சம்தான்! ஒரே கம்பெனிக்கு இரண்டு ஆடிட்டர் போனால் இரண்டு ரிப்போர்ட் வருவது எங்கள் தொழிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

லிஸ்ட் வந்தாயிற்று. பூட்டிப் பார்த்தார்களா? பார்த்தார்கள்.

அந்த லாரி நம்பர் கத்தரிக்கோல் ஞாபகம் இருக்கிறதா? அது இல்லாமலே பிறக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். எலிகளுக்கு அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. 2013-ல் அவற்றுக்கு ஹெச்1என்1 கொடுத்தார்கள். சாதாரண எலிகள் படுத்துவிட, இவை ஜம்மென்று இருந்தன! ஆனால் ஹெச்3என்2 கொடுத்தபோது அவ்வளவு பாதுகாப்பு இல்லை. அந்த ஆசாமி வேறு கத்தரிக்கோலைத் தேடிக்கொள்கிறான்.

அமிலப் பையைக் கெடுத்தால்? அதைச் செய்ய ஒரு பழைய மலேரியா மாத்திரை இருக்கிறது. குளோரோகுயின். பரிசோதனைக் குழாயில் ஃப்ளூ வைரஸை அழகாக அடக்கியது. சிங்கப்பூரில் 1,500 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: ஃப்ளூவைத் தடுக்கவில்லை. குழாயில் ஹீரோ, ஆளிடம் ஜீரோ. (கோவிட் வந்தபோது இதன் தம்பி ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு ஊரே வரிசையில் நின்றது. அதுவும் கைகொடுக்கவில்லை.)

வயிற்றுப்போக்குக்கு நம் ஊரிலும் எழுதிக் கொடுக்கிற நிடாசோக்ஸனைடு இன்னொரு கதை. வைரஸின் முள் நம் செல்லுக்குள் தயாராகும்போது கடைசிக் கட்டத்தில் பாலிஷ் ஆகவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் நடந்த சோதனை 2014-ல் வெளியானது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குணமாக 117 மணி நேரம். இதைச் சாப்பிட்டவர்களுக்கு 96 மணி நேரம். ஏறக்குறைய ஒரு நாள் லீவ் மிச்சம். ஆனால் மெக்ஸிகோவில், மோசமான சளிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் வீடு திரும்புகிற நாள் முந்தவில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள், ப்ளீஸ்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோழிக் கதைதான். டாலி என்ற ஆட்டை நகலெடுத்தார்களே, அதே எடின்பரோ ரோஸ்லின் நிலையம். லண்டன்காரர்களோடு சேர்ந்து, கோழியின் ஏ.என்.பி.32 ஜீனில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண அளவு பறவைக் காய்ச்சல் வைரஸ் கொடுத்தபோது பத்துக் கோழிகளில் ஒன்பது தப்பித்தன! கைதட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வைரஸின் அளவை ஆயிரம் மடங்கு ஏற்றியபோது பத்தில் ஐந்துக்குத் தொற்றியது. அதுமட்டுமில்லை, வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு, அந்தப் புரதத்தின் பங்காளிகள் இரண்டைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டது. ஒரு சோப்பைப் பூட்டினால் பக்கத்து அறைக்குப் போய் சோப்பு கேட்கிறான் பாருங்கள்! பரிசோதனைச் சாலை செல்களில் மூன்று பங்காளிகளையும் நீக்கிப் பார்த்தபோதுதான் வைரஸ் அடங்கியது.

அப்படியானால் மூன்றையும் நீக்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். அந்த சோப்பு நமக்கும் வேண்டுமே. அமிலப் பம்ப், இம்போர்ட்டின், முத்திரை எல்லாம் நாம் உயிரோடு இருப்பதற்காக ஏற்பட்டவை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் வைரஸ் குளிக்காமல் போகும், நாமும்தான். எதை, எவ்வளவு, எத்தனை நாள் பூட்டினால் நாம் தாங்குவோம், அவன் தாங்கமாட்டான் என்பதில்தான் இந்த ஆராய்ச்சி முழுக்க நின்றுகொண்டிருக்கிறது. ஃப்ளூ நல்லவேளையாகச் சில நாள் விவகாரம். ஐந்து நாள் சோப்பில்லாமல் சமாளிக்கலாம். வாழ்நாள் முழுக்க என்றால்தான் கஷ்டம்.

முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. எய்ட்ஸ் வைரஸ் நம் ரத்த செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற கதவை அடைக்கும் மராவிராக் மருந்துக்கு 2007-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அடைப்பது வைரஸை அல்ல, நம் கதவை. ஃப்ளூவுக்கு அப்படி ஒரு மருந்து, உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பி எழுதுகிற அளவுக்கு, இன்னும் வரவில்லை. வருகிறபோது அது தனியாக வராது என்றே நினைக்கிறேன். வைரஸைத் தாக்குகிற மாத்திரை ஒன்று, சோப்பைப் பூட்டுகிற மாத்திரை ஒன்று என்று ஜோடியாகத்தான் வரும். இரண்டிடமிருந்தும் ஒரே சமயத்தில் தப்பிப்பது அந்த டைப்பிஸ்டுக்கும் கஷ்டம்.

* * *

என் நண்பன்?

பதினோரு நாள் ஐ.சி.யு.வில் இருந்தான். அதில் ஆறு நாள் மிஷின் மூச்சு விட்டது. ஊரிலிருந்து அவன் அப்பா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, முதல் நாளே டாக்டரிடம் போயிருந்தால்..." என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. வைரஸுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுகூடத் தெரியாமல், அவன் வாயில் நாலு மாத்திரையைப் போட்டவன் நான்தானே.

பிழைத்துக்கொண்டான். பாதியாக இளைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மேன்ஷன் படி ஏறினான்.

ஆகவே, எந்தப் புது மருந்தும் வருவதற்கு முன்னால், இப்போதே கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடுமையான ஜுரம், உடம்பு வலி, இருமல் என்றால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர் என்றால் முதல் நாளே டாக்டர். மூச்சுத் திணறினால் யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. டிராயரில் இருக்கும் பழைய மாத்திரைகளைக் குப்பையில் போடுங்கள். ஃப்ளூ தடுப்பூசி என்று ஒன்று வருஷா வருஷம் வருகிறது. டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மேனேஜர் லீவ் தரமாட்டார் என்கிறீர்களா? ஜுரத்தோடு ஆபீஸ் போய் அவர் முகத்துக்கு நேராக ஒரு தடவை தும்மிக் காட்டுங்கள். ஒரு வாரம் தருவார்.

நண்பன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன மாதம் பார்சல் ஒன்று அனுப்பியிருந்தான். பிரித்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிய நீலக் கோடு போட்ட சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தது.

போட்டுப் பார்த்தேன். பட்டன் போட முடியவில்லை. தொப்பை.

போன் பண்ணிச் சொன்னேன். "அப்ப எனக்கே திருப்பி அனுப்பிடு மச்சி, எனக்குச் சரியா இருக்கு" என்றான்.